திரியம்பகத்தில் ஆளில்லாத இடம்

மனித குலம் பத்தாயிரம் ஆண்டுகள் பாடுபட்டுக் கட்டியவை இரண்டு. ஒன்று சுவர், இன்னொன்று கூரை. அந்த இரண்டையும் வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டு, காட்டில் போய் ஈரத் துணிக்கடியில் படுத்துக்கொள்ளும் ஞானம் நம் தலைமுறைக்குத்தான் வாய்த்தது. இந்த ஞானத்துக்கு ‘முகாம்’ என்று பெயர். இதைத் தேடிப் புறப்பட்ட உத்தமர்களின் வரிசையில், புனே கோத்ரூடில் வசிக்கும் மோரேஷ்வர் லிமயே அவர்களுக்கு ஒரு தனி இடம் உண்டு. அந்த இடத்தை அவர் எப்படித் தேர்ந்தெடுத்தார், எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்பதே இங்கே சொல்லப்படுவது.

லிமயே ஒரு நீர்ப்பாசன அலுவலகத்தில் கண்காணிப்பாளர். அவருடைய இருபத்தொன்பது வருட சேவையில் வாய்க்காலில் தண்ணீர் வராத நாள்கள் எத்தனையோ உண்டு. ஏன் வரவில்லை என்ற அறிக்கை வராத நாள் ஒன்றுகூடக் கிடையாது.

சென்ற ஹோலிக்கு மறுநாள் அவர் இதயம், முறையான விண்ணப்பம் எதுவும் கொடுக்காமல், அரை நாள் விடுப்பு எடுக்கப் பார்த்தது. பதினோரு நாள் ஆஸ்பத்திரி. அப்போது அவர் மனைவி நளினி, ‘இவர் பிழைத்து வந்தால் சிராவண மாதத்து மூன்றாம் திங்களன்று வெறுங்காலோடு பிரம்மகிரி மலையைச் சுற்றி வருகிறேன்’ என்று திரியம்பகேஸ்வரரிடம் வேண்டிக்கொண்டாள். அவர் பிழைத்து வந்தார். இதயம் அவருடையது, கால் நளினியுடையது. ஆகவே நிர்வாகம் தன்னுடையதாக இருப்பதே முறை என்று லிமயே முடிவு செய்தார்.

வழக்கமாக லிமயே குடும்பம் திரியம்பகத்தில் தங்கள் பரம்பரைப் பூசாரி வீட்டில்தான் தங்கும். ஒரே கூடத்தில் முப்பது பேர், முப்பது சுருதியில் குறட்டை. இந்தத் தடவை டாக்டர் மூன்று கட்டளை போட்டிருந்தார். கூட்டம் கூடாது, சத்தம் கூடாது, குந்தி உட்காரக் கூடாது. அந்த நேரம் பார்த்து அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பொறியாளர் தன் போனில் ஒரு படம் காட்டினார். மலை, பனிமூட்டம், ஒரு கூடாரம், இரண்டு நாற்காலி, ஓர் ஆள் கிடையாது. லிமயே அந்தப் படத்தைப் பார்த்த பார்வையில், பூசாரி வீட்டின் முந்நூறு வருட உறவு முடிந்து போயிற்று.

உடனே ‘இடத் தேர்வுக் குழு’ அமைக்கப்பட்டது. தலைவர் லிமயே. தொழில்நுட்ப ஆலோசகர் நளினியின் தம்பி அவினாஷ். இன்சூரன்ஸ் முகவர், நாற்பத்திரண்டு வயது. வாழ்நாளில் ஒரு நாள்கூடக் கூடாரத்தில் படுத்ததில்லை, ஆனால் அது பற்றி நானூறு வீடியோ பார்த்திருந்தான். நளினி ‘பயனாளிகள் தரப்பு’ உறுப்பினர். கூட்டம் நடந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அவல் தாளித்தது, தேநீர் போட்டது ஆகிய சிறு பணிகளும் அவளிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தன.

“முதல் தகுதி,” என்றார் தலைவர், “மனித நடமாட்டம் இருக்கக் கூடாது.”

“மூணாவது சோமவாரம்,” என்றாள் நளினி. “எள்ளு போட்டா எள்ளு விழாது. அங்க போயி ஆளில்லாத இடம் தேடறீங்களே?”

“அதனாலதான் தேடணும்னு சொல்றேன். தானாக் கிடைக்கிற இடத்துக்கு எதுக்குக் குழு?”

“பாவுஜி சொல்றது கரெக்ட்டுக்கா,” என்று அக்கா கணவரை ஆமோதித்தான் அவினாஷ். “ரெண்டு நாள் இயற்கையோட இயற்கையா இருந்தாத்தான் நெஞ்சுக்கு நல்லது.”

“அப்புறம் ஏன்டா இங்க சுடுதண்ணி, மின்விசிறி, கொசுவலைன்னு எழுதியிருக்கே?”

“அது அஞ்சு, ஆறு, ஏழாவது தகுதி.”

“பிரதட்சிணப் பாதை எந்தப் பக்கமா போகுதுன்னு ஒரு வார்த்தை விசாரிச்சீங்களா?”

தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நளினி, அது இன்னிக்கு நிகழ்ச்சி நிரல்ல இல்லை.”

ஆறு வாரம் ‘ஓய்வுக்கான ஆய்வு’ நடந்தது. பதினேழு இடங்கள் பரிசீலிக்கப்பட்டன. ஓர் இடத்தில் ஏரி இருந்தது, ஆகவே கொசு இருக்கும். ஓர் இடத்தில் ஏரி இல்லை, ஆகவே அழகு இருக்காது. ஓர் இடத்தில் மயில் கத்தும் என்று பெருமையாகப் போட்டிருந்தார்கள். சத்தம் என்ற தலைப்பில் அது நிராகரிக்கப்பட்டது. கடைசியில் பிரம்மகிரி அடிவாரத்தில், கரஞ்சபாடா என்ற குக்கிராமத்தில், ‘ஏகாந்த்’ என்ற முகாம் ஏகமனதாகத் தேர்வாயிற்று. ஏகமனது என்பது தலைவருடைய மனது.

லிமயே முகாம்காரருக்குத் தானே போன் செய்து கேட்டார். “ஆள் நடமாட்டம் உண்டா?”

“இங்கயா? அட போங்க சாகேப்! என் பொண்டாட்டியே வேலை இருந்தாத்தான் இந்தப் பக்கம் வருவா.”

பதினோரு பக்க அறிக்கையில் அந்த வாக்கியம் சான்றாகச் சேர்க்கப்பட்டது.

டாக்டரின் மூன்றாவது கட்டளைக்காகவும் ஓர் ஏற்பாடு நடந்தது. முகாமில் குந்தி உட்காரும் வகைதான் இருக்கும் என்று தெரிந்ததும், மடக்கி எடுத்துப் போகக்கூடிய ஒரு நாற்காலிக் கழிப்பிடத்தை அவினாஷ் வாங்கி வந்தான். அலுமினியக் கால், வெள்ளைப் பிளாஸ்டிக் வளையம். மழைக்கு ஓர் உறை. உறை பச்சை, காவி என்ற இரண்டு நிறத்தில் கிடைத்தது. பச்சை என்றால் காட்டில் தொலைந்துவிடும் என்று காவியை எடுத்தான். சாமான் பட்டியலில் அதன் பெயர் ‘மடக்கு இருக்கை (தனிப்பயன்)’.

ஞாயிறு காலை காரில் புறப்பட்டார்கள். சின்னரில் நிறுத்தி, முளைப்பயறுக் குழம்பான மிசல் சாப்பிட்டார்கள். கூட்டம் கூடாது என்ற டாக்டர், காரம் கூடாது என்றும் சொல்லியிருந்தார். ஆனால் அது வேறொரு தாளில் இருந்தது. லிமயே செக்கச் சிவந்த ரசத்தை மூன்று கரண்டி கூடுதலாக ஊற்றிக்கொண்டார்.

நாசிக் தாண்டியதும் மழை பிடித்தது. திரியம்பகத்துக்கு வெகு தூரம் முன்னாலேயே போலீஸ் காரை மறித்தது. சாலை நெடுகத் தலை. பஜனைக் கோஷ்டிகள், கொடிகள், குழந்தையைத் தோளில் தூக்கியவர்கள், பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்ட குடும்பங்கள்.

“வண்டியெல்லாம் வயல்ல போடுங்க. இனிமே நடைதான்,” என்றார் கான்ஸ்டபிள்.

லிமயே கண்ணாடியை இறக்கி அடையாள அட்டையை நீட்டினார். “நான் நீர்ப்பாசனத் துறை.”

கான்ஸ்டபிள் அட்டையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். “நல்லதாப் போச்சு சாகேப். முதல்ல இதைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க.”

நடந்தார்கள். நளினி காரிலிருந்து இறங்கும்போதே செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள். அவினாஷ் முதுகில் ஆள் உயர மூட்டை. அதில் அவசரத்துக்கு ஒரு கூடாரம், அந்தக் கூடாரம் கிழிந்தால் இன்னொரு கூடாரம். இதய நோயாளி பாரம் தூக்கக் கூடாது என்பதால், லிமயேயிடம் எடையே இல்லாத அந்த மடக்கு இருக்கை மட்டும் கொடுக்கப்பட்டது. கக்கத்தில் வைத்தால் கூட்டம் இடித்தது. ஒரு கால் வளைந்தால் என்ன ஆகும் என்று நினைத்தபோது அவருக்கு நெஞ்சு படபடத்தது. காவி உறையோடு அதைத் தூக்கித் தலைக்கு மேல் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடந்தார்.

பத்தடிக்குள் ஒரு கிழவர் கைகூப்பினார். லிமயே மரியாதைக்குத் தலையசைத்தார். பிறகு இரண்டு பெண்கள் குனிந்து கும்பிட்டார்கள். ஒருவர் ஓடி வந்து காவி உறைமேல் செவ்வந்தி மாலை சாத்திவிட்டுப் போனார். பின்னால் வந்துகொண்டிருந்த ஒரு பஜனைக் கோஷ்டி, தாளத்தை ஓங்கித் தட்டிக்கொண்டு இவர் பின்னால் சேர்ந்துகொண்டது.

“பாவுஜி,” என்று கிசுகிசுத்தான் அவினாஷ், “சாமின்னு நினைக்கிறாங்க.”

“நான் ஒண்ணும் சொல்லலையே.”

உண்மை. எந்தத் தகவலும் தவறாக வழங்கப்படவில்லை. மறுப்பு மட்டும் வெளியிடப்படவில்லை. அலுவலகத்தில் இதற்கும் பொய்க்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கி அவரே ஒரு சுற்றறிக்கை எழுதியிருக்கிறார்.

பஜனைக் கோஷ்டியில் ஒரு பெண், ஐம்பது வயது இருக்கும், முழங்காலில் துணி கட்டிக்கொண்டு விந்தி விந்தி நடந்து வந்தாள். நிபாட் பக்கத்து வெங்காய விவசாயி, பெயர் சகுபாய். எட்டிப் பிடித்து லிமயே பக்கத்தில் வந்து, அண்ணன் முறை வைத்துக் கேட்டாள்.

“உள்ள எந்தச் சாமி, பாவு?”

லிமயே வாயைத் திறந்தார். இன்சூரன்ஸ்காரன் முந்திக்கொண்டான்.

“ஆசனேஷ்வர்!”

“கேள்விப்பட்டதில்லையே?”

“ரொம்பப் பழசு. புனே பக்கத்துல.”

சகுபாய் காவி உறையைத் தொட்டாள், தொட்ட கையைத் தன் முழங்காலில் தேய்த்துக்கொண்டாள். லிமயே முன்னால் பார்த்தபடி நடந்தார். நளினி ஒன்றும் சொல்லவில்லை. இருபத்தாறு வருடக் கல்யாணத்தில் அவள் ஒன்றும் சொல்லாத இடங்களைப் பட்டியல் போட்டால் அது தனி அறிக்கையாகும்.

அடுத்த தடுப்பில் கயிறு கட்டி ஜனங்களை நிறுத்தி வைத்திருந்தார்கள். நசுங்கல், தள்ளல். அங்கிருந்த போலீஸ்காரர் தூரத்திலேயே காவியைப் பார்த்துவிட்டார்.

“சாமி வருது! வழி விடுங்க, வழி விடுங்க!”

கயிறு உயர்ந்தது. கடல் பிளந்தது போல் ஜனம் ஒதுங்கிற்று. மோரேஷ்வர் லிமயே, தாள முழக்கத்தோடு, மாலை அணிந்த கழிப்பிடத்தைச் சிரமேல் தாங்கி, நிமிர்ந்த நெஞ்சோடு உள்ளே போனார். கூச்சமாக இருந்ததா என்றால் இருந்தது. பிடித்திருந்ததா என்றால், அதுவும் இருந்தது. இருபத்தொன்பது வருட சேவையில் அவருக்காக யாரும் கயிற்றைத் தூக்கியதில்லை.

ஊருக்குள் போகாமல் சாலையிலிருந்து பிரிந்தது கரஞ்சபாடா வழி. சேறு, வரப்பு, ஓர் ஓடை. கோஷ்டி தங்களை விட்டுப் பிரியும் என்று லிமயே எதிர்பார்த்தார். பிரியவில்லை. கூடவே வந்தது. ஓடையில் இறங்கும்போது இருக்கை நனையாமலிருக்க அவர் கையை இன்னும் ஒரு சாண் உயர்த்திக்கொண்டார்.

‘ஏகாந்த்’ வந்தது. ஒரு நெல் வயல். மேட்டில் மூன்று நீலக் கூடாரம். படத்தில் பார்த்த பனிமூட்டம் அப்படியே இருந்தது, இரண்டு நாற்காலியும் இருந்தன. கூடவே ஐந்நூறு பேர் இருந்தார்கள். கூடாரங்களுக்கு நடுவே ஒரு பாதை, அதில் எறும்பு வரிசை மாதிரி ஜனம் போய்க்கொண்டே இருந்தது.

பிளாஸ்டிக் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு முகாம்காரர் பாண்டு ஓடி வந்தார். “வாங்க சாகேப், வாங்க! வழி சுலபமா இருந்துச்சா?”

“யார் இவங்கெல்லாம்?”

“பேரிக்காரங்க சாகேப். பிரம்மகிரியைச் சுத்துற பாதை நம்ம வயலு வழியாத்தானே போகுது. எங்க தாத்தாவுக்குத் தாத்தா காலத்துலேருந்து.”

“ஆள் நடமாட்டமே இல்லைன்னீங்களே, போன்ல!”

“இல்லையே! சிராவணத் திங்களையும் அதுக்கு முந்தின நாளையும் விட்டா இங்க ஈ காக்கா கிடையாது. நீங்க மூணாவது சோமவாரம்னு சொன்னீங்க. சரி, பேரிக்குத்தான் வர்றாங்கன்னு நினைச்சேன். பேரிக்கு வர்றவங்க எதுக்கு ஆளில்லாத இடம் கேக்கறாங்கன்னு எனக்கும் புரியலை. படிச்சவங்க, தப்பாக் கேட்டுடக் கூடாதுன்னு விட்டுட்டேன்.”

நளினி அன்று முதல் தடவையாகச் சிரித்தாள். பதினேழு இடங்களைச் சலித்தெடுத்த குழு, அவளுடைய பிரதட்சிணப் பாதையைப் படுக்கையின் தலைமாட்டிலேயே கொண்டுவந்து நிறுத்தியிருந்தது.

“எங்க கூடாரம் எது?” என்றார் லிமயே.

“நடுவுல இருக்கே, அதான். மழையில நனைஞ்சு வந்தாங்க, ஒரு பத்தொன்பது பேரை உள்ள உக்கார வச்சிருக்கேன். கோவிச்சுக்காதீங்க. நாம எப்படி வெளியே போன்னு சொல்றது?”

சொல்லலாம் என்று லிமயே ஒரு விதியை மேற்கோள் காட்டிக்கொண்டிருந்தபோது, யாரோ அவர் தலையிலிருந்து பாரத்தைப் பக்குவமாக வாங்கினார்கள். திரும்பிப் பார்த்தார். பஜனைக் கோஷ்டி அதை அத்தி மரத்தடியில் ஒரு கல்லின்மேல் எழுந்தருளச் செய்திருந்தது. உறையைப் பிரிக்கவில்லை. பயபக்தி. ஊதுவத்தி ஏற்றினார்கள், அரைவட்டமாக உட்கார்ந்தார்கள், பாட ஆரம்பித்தார்கள். முதல் வரிசையில் சகுபாய், காலை நீட்டிக்கொண்டு.

சரியாக அந்த நேரத்தில் சின்னர் மிசல் தன் கோரிக்கையை முன்வைத்தது.

முதல் கோரிக்கை பணிவாக இருந்தது. லிமயே அதைப் பரிசீலனையில் வைத்தார். இரண்டாவது கோரிக்கையில் பணிவு இல்லை. மூன்றாவது வந்தபோது அவர் நெற்றியில் வேர்த்தது.

“அவினாஷ்… அது வேணும்.”

“எது பாவுஜி?”

“அதுதான்டா!”

அவினாஷ் அத்தி மரத்தைப் பார்த்தான். “இப்பத்தான் ரெண்டாவது பாட்டு ஆரம்பிச்சிருக்காங்க. பொழுது சாஞ்சதும் மெதுவா எடுத்துக்கலாமே?”

“அதுவரைக்கும் இந்த ஃபைலை நிறுத்தி வைக்க முடியாதுடா!”

“அப்ப வயல் ஓரமா, எல்லாரையும் மாதிரி…”

“குந்தக் கூடாதுன்னு டாக்டர்…”

அவர் நளினியைப் பார்த்தார். நெருக்கடியில் பயனாளிகள் தரப்பைக் கலந்தாலோசிப்பது என்ற வழக்கம் அன்றுதான் தோன்றியது.

“போய்ச் சொல்லுங்க,” என்றாள் நளினி.

“நீ போய்ப் பக்குவமா…”

“நான் தூக்கிட்டு வரலை. நீங்களே சொல்லுங்க.”

லிமயே போனார். வேகமாகப் போக முடியாத, மெதுவாகவும் போக முடியாத ஒரு நடை. மரத்தடியில் நின்று கையைத் தூக்கினார். பாட்டு நின்றது. சாமியைக் கொண்டுவந்தவர் பேசப்போகிறார் என்று பாதையில் போன பத்திருபது பேரும் ஒதுங்கி நின்றார்கள்.

“பக்தப் பெருமக்களே. ஒரு சிறு திருத்தம்.”

“சொல்லுங்க மகராஜ்!”

“மகராஜ் இல்லை. உள்ள இருக்கறது சாமியும் இல்லை. எனக்குக் கீழே குந்தி உக்கார முடியாது. டாக்டர் வேண்டாம்னுட்டார். இது… அதுக்கான நாற்காலி.”

“எதுக்கான?” என்றார் தாளக்காரர்.

“அதுக்கான.”

தாளக்காரர் புரிந்துகொண்டு பக்கத்தில் இருந்தவர் காதில் சொன்னார். அவர் அடுத்தவருக்குச் சொன்னார். செய்தி வரிசையாகப் பின்னால் போயிற்று; போகப் போக முகங்கள் மாறின. கடைசியில் இருந்த ஒரு காது மந்தமான பெரியவர், “என்னவாம்?” என்று கத்த, யாரோ அந்தச் சொல்லை மலைக்கே கேட்கும்படி சொன்னார்கள்.

“தெரிஞ்சேதான் பேசாம வந்தேன்,” என்றார் லிமயே. அறிக்கையில் எழுதிப் பழகிய எந்த வாக்கியமும் அப்போது உதவிக்கு வரவில்லை. “வழி விட்டாங்க. நல்லா இருந்துச்சு. அதனால பேசாம இருந்துட்டேன். மன்னிச்சிடுங்க. இப்ப… அதைக் கொஞ்சம் சீக்கிரம் கொடுத்தீங்கன்னா…”

அடி விழும் என்று அவினாஷ் இரண்டு கூடாரத்தையும் முன்னால் பிடித்துக்கொண்டான். அடி விழவில்லை. சகுபாய்தான் முதலில் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, முழங்காலைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். பிறகு எல்லோரும். தாளக்காரர் மட்டும் சிரிக்காமல், தாளத்தை வேட்டியில் அழுத்தி அழுத்தித் துடைத்தார். சகுபாய் எழுந்து மாலையைக் கழற்றி மரத்தில் மாட்டிவிட்டு, இருக்கையைத் தூக்கி லிமயே கையில் கொடுத்தாள்.

“மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னாடி மறைவா இருக்கு. ஓடுங்க பாவு.”

அவர் ஓடினார்.

திரும்பி வந்தபோது மழை விட்டிருந்தது. கோஷ்டி வேறு பாட்டுக்குப் போயிருந்தது. பாண்டுவின் மனைவி ரொட்டியும் கடலைமாவுப் பிட்லாவும் பரிமாறிக்கொண்டிருந்தாள். வரிசையில் லிமயேக்கும் ஒரு தட்டு வைத்து இடம் விட்டிருந்தார்கள், சகுபாய்க்குப் பக்கத்தில். உட்கார ஒரு கவிழ்த்த கூடை. குந்த வேண்டியதில்லை.

சிறிது நேரம் சாப்பிட்டார். பிறகு அவரால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“ஒண்ணு கேக்கணும்மா. உறைக்குள்ள நாலு காலும் துருத்திக்கிட்டு இருந்துச்சு. பாத்தாலே தெரியுமே? எப்படிச் சாமின்னு நினைச்சீங்க?”

சகுபாய் ரொட்டியைக் கிள்ளிக்கொண்டே சொன்னாள். “நான் அதைப் பாக்கலை பாவு. உங்களைத்தான் பாத்தேன். பதினெட்டு வருஷமா பேரி வர்றேன். பல்லக்குத் தூக்கறவங்க பேசிக்கிட்டே வருவாங்க, தோள் மாத்துவாங்க, நடுவுல இறக்கி வச்சு டீ குடிப்பாங்க. நீங்க ஒரு தடவைகூட இறக்கலை. ஒரு சொட்டு மழை படக் கூடாது, ஒருத்தர் கை இடிக்கக் கூடாது, நினைப்பு அதை விட்டு நகரலை. உங்க சம்சாரம், இந்த வைனி, வெறுங்காலோட உங்க பின்னாடி ரெண்டு தடவை வழுக்கி விழுந்தாங்க. அப்பவும் திரும்பலை நீங்க. இவ்வளவு பக்தியா ஒரு மனுஷன் தூக்கிட்டு வர்றது சாமியாத்தானே இருக்கணும்? வேற என்னத்தை அப்படித் தூக்குவான்?”

குத்தலாகச் சொல்லவில்லை அவள். நிஜமாகவே வியந்துதான் சொன்னாள். அதனால் லிமயேயால் மறுப்பு அறிக்கை கொடுக்க முடியவில்லை.

தட்டை வைத்துவிட்டு எழுந்தார். நளினி கொஞ்சம் தள்ளி, படத்தில் பார்த்த அந்த நாற்காலியில் உட்கார்ந்து, மடிமேல் பாதத்தைத் திருப்பி வைத்து, முள்ளை ஊக்கால் நிமிண்டிக்கொண்டிருந்தாள். புடவை முழங்கால்வரை சேறு, ஒரு முழங்கையில் சிராய்ப்பு.

“எங்க விழுந்தே?”

“ஓடையில ஒரு தடவை. கயித்துக்கிட்ட ஒரு தடவை.”

“என்னைக் கூப்பிட்டிருக்கலாமே?”

“கூப்பிட்டேன்,” என்றாள் நளினி, முள்ளிலிருந்து கண் எடுக்காமல். “‘சாமி வருது, வழி விடுங்க’ன்னு எல்லாரும் கத்திக்கிட்டு இருந்தாங்க. சரின்னு நானும் வழி விட்டுட்டேன்.”